காந்தம் ஒரு பிரமாணம் அன்று

கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கக் காஞ்சிபுரம் வருகிற குடும்பத்தார், காந்தி ரோட்டில் புடவை விஷயம் முடிந்த கையோடு, சீர்ப் பாத்திரங்களையும் அன்றைக்கே வாங்கிவிடலாம் என்று பாத்திரக் கடைகளின் பக்கம் திரும்புவது உண்டு. அப்படித் திரும்பியவர்களில் விவரம் தெரிந்தவர் என்று பெயரெடுத்த ஒரு பெரியம்மாவோ சித்தப்பாவோ, ஒரு காந்தத் துண்டை எடுத்து, குடத்தின் வயிற்றிலும் அடுக்கின் மூடியிலும் வைத்துப் பார்த்து, ஒட்டினால் 'போலி' என்று தள்ளுவதும், ஒட்டாமல் நழுவினால் 'அசல்' என்று எடுத்து வைப்பதும் நம் நாட்டில் ஏறக்குறைய ஒரு சாஸ்திர விதியின் அந்தஸ்தைப் பெற்றுவிட்டன. கடைக்காரரும் அதை மறுப்பதில்லை; கல்லாப் பெட்டியிலேயே ஒரு காந்தத்தை வைத்திருந்து, வாடிக்கைக்காரர் கேட்கும் முன்னரே ஒட்டிக் காட்டுகிறவர்கள் பலர். இந்த நம்பிக்கைக்குத் துணையாக இன்னொரு நம்பிக்கையும் உண்டு. காந்தப் பரீட்சையில் தேறிய எவர்சில்வரை எதைக் கொண்டு தேய்த்தாலும், எதில் ஊற வைத்தாலும், அதற்கு ஒரு குறையும் வராது என்பது அது. இரண்டு அபிப்பிராயங்களும் தவறு என்பதே என் கட்சி. முதல் தவறு நல்ல பொருளைத் தள்ளிவிட்டுத் தரம் குறைந்ததை வீட்டுக்குக் கொண்டுவருகிறது; இரண்டாவது தவறு நல்ல பொருளையும் சில மாதங்களில் கெடுக்கிறது; இரண்டும் சேர்ந்து, நெருப்பின்மேல் நேரே வைத்து உணவைச் சுடுகிற கம்பித் தட்டு விஷயத்தில், உடம்புக்கே தீங்காகவும் முடியக்கூடும். ஆகையால்தான் சில்லறை விஷயம் என்று விட்டுவிட மனம் வரவில்லை.

கம்பித் தட்டு என்று நான் சொல்வது, கத்தரிக்காய் சுடவும் அப்பளம் வாட்டவும் கேஸ் அடுப்பின்மேல் வைக்கிறோமே, கைப்பிடி போட்ட அந்தச் சிறிய வலையையும், இப்போது சிற்றூர்களின் பஸ் நிலையத்தைச் சுற்றியும்கூட மாலை வேளைகளில் கோழியும் மீனும் தணலில் வாட்டுகிற கடைகளில் இருக்கும் பெரிய கிரில் தட்டையும் சேர்த்துத்தான். குடத்துக்கும் டம்ளருக்கும் நேராத சோதனை இவற்றுக்கு நேர்கிறது. தண்ணீரை மாத்திரம் தாங்கினால் போதும் என்ற நிலையில் குடம் இருக்கிறது. கம்பித் தட்டோ நெருப்பு, உப்பு, புளிப்பு, கொழுப்பு, கரி ஆகிய எல்லாவற்றையும் ஒரே வேளையில் தாங்க வேண்டும். ஆகவே எவர்சில்வரைப் பற்றி நாம் கொண்டிருக்கும் பிழையான எண்ணம் எதுவாக இருந்தாலும், அது முதலில் வெளிப்படுவது இந்தத் தட்டில்தான்.

காந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதையும் நியாயமாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் அது பிறந்த காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் ஹாரி பிரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழல்கள் விரைவில் அரித்துப் போகாதிருக்க வழி தேடி, 1913-ஆம் ஆண்டில், நூற்றுக்கு ஏறத்தாழ 13 பங்கு குரோமியம் கலந்த உருக்கை வார்த்தார். அதற்கு முந்தின ஆண்டிலேயே ஜெர்மனியில் குரூப் ஆலையைச் சேர்ந்தவர்கள் குரோமியத்தோடு நிக்கலையும் சேர்த்த இன்னொரு வகைக்கு உரிமை பதிந்திருந்தார்கள். பிரியர்லி வார்த்தது காந்தத்தில் ஒட்டும். குரூப் வார்த்தது ஒட்டாது. இரண்டும் துருவை எதிர்ப்பவையே, இரண்டும் அசலே என்பதை வாசகர்கள் இங்கேயே மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் இரண்டாவது வகையின் சந்ததிதான். 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் சேர்ந்தது என்று அக்காலத்து வியாபாரிகள் பெருமையாகச் சொல்லி விற்றது அதுவே. இன்று 304 என்ற எண்ணால் அறியப்படுவதும் அதுவே. 1970-இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1980-களின் தொடக்கத்தில் உற்பத்தியைத் தொடங்கிய சேலம் உருக்காலையின் தகடு தமிழ்நாட்டுப் பாத்திரப் பட்டறைகளில் புழங்கத் தொடங்கியபோது, எவர்சில்வருக்குப் போட்டியாகச் சந்தையில் நின்ற போலி, பெரும்பாலும் மேலே முலாம் பூசிய சாதா இரும்பு. அந்த இரண்டையும் பிரித்தறியக் காந்தம் போதுமான கருவியாக இருந்தது. அந்த நாளைப் பெரியவர்கள் காந்தம் வைத்துப் பார்த்தது அறியாமையால் அன்று. அவர்கள் முன்னிருந்த சந்தைக்கு அது பொருந்தியது. சந்தை மாறிப்போயிற்று, பரீட்சை மாறவில்லை என்பதே என் குறை.

இனிக் காந்தம் எதைத்தான் காட்டுகிறது என்று பார்ப்போம். உருக்குக்குள் இரும்பின் அணுக்கள் எந்த முறையில் அடுக்கிக்கொண்டிருக்கின்றன என்பதை அது காட்டுகிறது. அதற்குமேல் ஒன்றும் காட்டுவதில்லை. நிக்கலைத் தக்க அளவில் சேர்த்தால் அணுக்களின் அடுக்கு ஒரு விதமாக அமைந்து காந்தத்துக்கு வசப்படாமல் போகிறது; நிக்கல் இல்லாமல் குரோமியம் மாத்திரம் சேர்ந்திருந்தால் அடுக்கு வேறு விதமாக அமைந்து காந்தத்துக்கு வசப்படுகிறது. துருவை எதிர்க்கிற குணமோ முதன்மையாகக் குரோமியத்தைச் சார்ந்தது, குறைந்தபட்சம் 10.5 பங்கு குரோமியம் இருந்தாலொழிய ஓர் உருக்குக்குத் துருப்பிடிக்காத உருக்கு என்ற பெயரே கிடையாது. 430 என்ற ரகத்தில் 16 முதல் 18 பங்கு வரை குரோமியம் உண்டு, நிக்கல் இல்லையென்றே சொல்லலாம். அது காந்தத்தில் பளிச்சென்று ஒட்டும். அது கலப்படமும் அன்று, போலியும் அன்று. ஆனால் காந்தம் ஏந்தி வருகிறவர் அதைத்தான் முதலில் ஒதுக்குகிறார்.

அவர் ஒதுக்காமல் எடுத்துக்கொள்வது எது? நிக்கல் செய்கிற அதே வேலையை மாங்கனீஸும் நைட்ரஜனும் செய்யும். கொரியப் போர்க் காலத்தில் நிக்கலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது அமெரிக்கர்கள் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டி 201, 202 என்ற ரகங்களைக் கொண்டுவந்தார்கள். 201-இல் நிக்கல் 3.5 முதல் 5.5 பங்கு வரைதான், மாங்கனீஸ் 5.5 முதல் 7.5 வரை. நம் நாட்டுச் சந்தையில் ஜே-4 என்ற பெயரில் பெருவாரியாகப் புழங்கும் ரகத்தில் நிக்கல் இன்னும் குறைவு, குரோமியமும் குறைவு. நிக்கலின் விலை நிலையற்றது என்பது உலகம் அறிந்தது. 2022 மார்ச் 8-ஆம் தேதி லண்டன் உலோகச் சந்தையில் அதன் விலை டன்னுக்கு ஒரு லட்சம் டாலரைத் தாண்டி, வியாபாரத்தையே நிறுத்திவைக்கும்படி ஆயிற்று. அப்படிப்பட்ட நிக்கலை உற்பத்தியாளர்கள் குறைத்துக்கொள்ள விரும்புவதில் ஆச்சரியம் இல்லை. தவறும் இல்லை, என்ன ரகம் என்று சொல்லி அதற்கேற்ற விலைக்கு விற்கிற வரையில். இந்த மாங்கனீஸ் ரகங்கள் ஒன்றும் காந்தத்தில் ஒட்டுவதில்லை. உப்பையும் புளிப்பையும் தாங்குவதில் அவை 304-க்குக் கீழ்ப்பட்டவை. ஆயினும் காந்தப் பரீட்சையில் 304 பெறுகிற அதே மதிப்பெண்ணை அவையும் பெறுகின்றன. குற்றமற்றதைத் தண்டித்து, குறையுள்ளதை விடுதலை செய்து, உயர்ந்ததையும் தாழ்ந்ததையும் ஒரே வரிசையில் உட்கார வைக்கிற ஒரு சாட்சியை எந்த நியாயஸ்தலத்தில் ஏற்றுக்கொள்வார்கள்?

இன்னும் ஒன்று. 304 ரகத்தையே குளிர்ந்த நிலையில் இழுத்தும் மடித்தும் வேலை செய்தால், வேலை அதிகமாக நடந்த இடத்தில் அணுக்களின் அடுக்கு சிறிது மாறி, அங்கே காந்தம் லேசாகப் பற்றும். இதை நம்ப மறுப்பவர்கள் தங்கள் வீட்டுப் பாத்திரம் கழுவும் தொட்டியின் நடுத் தகட்டில் காந்தத்தை வைத்துப் பார்த்து, பிறகு அதே தொட்டியின் மூலை வளைவில் வைத்துப் பார்க்கலாம். தட்டையான இடத்தில் நழுவிய காந்தம் மூலையில் மெல்லத் தயங்கி நிற்பதைப் பல தொட்டிகளில் காணலாம். ஒரே தகடுதான், ஒரே வார்ப்புதான். மூலை போலியென்றும் நடு அசலென்றும் யார் சொல்வார்? கம்பித் தட்டில் இந்த விபரீதம் இன்னும் அதிகம், ஏனெனில் கம்பி என்பதே அச்சின் துளை வழியாக இழுத்து இழுத்து மெல்லியதாக்கப்படுவது. அசலான 304 கம்பியில் செய்த தட்டு காந்தத்துக்குச் சற்று இசைந்தால், அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் பக்கத்துக் கடையின் மாங்கனீஸ் கம்பியை வாங்கிவருவது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பதை வாங்குகிறவர் அறிவதே இல்லை.

இத்தனைக்கும், இதே காந்தத்துக்கு இதே கடையில் நேர்மாறான தீர்ப்பு ஒன்றும் உண்டு. இண்டக்‌ஷன் அடுப்புக்குப் பாத்திரம் கேட்டால், கடைக்காரர் அதே காந்தத்தை எடுத்துப் பாத்திரத்தின் அடியில் ஒட்டி, 'பாருங்கள், நன்றாகப் பிடிக்கிறது, நல்ல சாமான்' என்கிறார். வாங்குகிறவரும் திருப்தியோடு வாங்கிப் போகிறார். அந்த அடிப்பாகம் காந்தத்தில் ஒட்டும் உருக்காக இல்லாவிட்டால் அடுப்பு அதைச் சூடாக்காது; ஆகவே பல பாத்திரங்களில் 430 போன்ற ரகத்தை அடியில் சேர்த்தே செய்கிறார்கள். ஒரு மணி நேரத்துக்கு முன் 'ஒட்டுகிறது, ஆகவே போலி' என்ற அதே வாய் இப்போது 'ஒட்டுகிறது, ஆகவே நன்று' என்கிறது. இரண்டு தீர்ப்பும் ஒருசேர உண்மையாக இருக்க இயலாது என்பதை யோசித்துப் பார்க்க அதிகப் படிப்பு வேண்டியதில்லை.

தணலின்மேல் வைக்கிற தட்டுக்கு எது உகந்தது என்ற கேள்விக்கு வந்தால், காந்தத்தை நம்பியவர்களின் நிலை இன்னும் பலவீனமாகிறது. நிக்கல் சேர்ந்த 304, சூட்டில் விரிவது 430 விரிவதைக் காட்டிலும் ஒன்றரை மடங்குக்கு மேல். மெல்லிய தகடாக இருந்தால் தணல் பட்டுப் பட்டு அது நெளியும். காந்தத்தில் ஒட்டுகிற 430 அந்த அளவுக்கு நெளியாது, சூட்டையும் நன்றாகத் தாங்கும். உப்பும் எலுமிச்சையும் தடவிய மீனை அடிக்கடி வாட்டுவோர்க்குத் தடித்த கம்பியில் செய்த 304 உகந்தது; வெறும் சூடு தாங்க வேண்டிய அப்பள வலைக்கும் கத்தரிக்காய்த் தட்டுக்கும் 430 குறைவின்றிப் பயன்படும். ரகத்தைவிட முக்கியமானவை சில உண்டு. கம்பியின் கனம் முதலில்; மெல்லிய கம்பி சிவக்கச் சிவக்கச் சூடேறிச் சீக்கிரம் நொய்ந்துவிடும். அடுத்தது கம்பிகள் ஒன்றையொன்று சந்திக்கிற வெல்டிங் புள்ளிகள். உருக்கை 450 முதல் 850 டிகிரி வரையுள்ள வெப்பத்தில் அதிக நேரம் வைத்தால் அதிலுள்ள கரி குரோமியத்தைப் பற்றிக்கொண்டு, அக்கம்பக்கத்தில் குரோமியப் பஞ்சத்தை உண்டாக்குகிறது; அவ்விடம்தான் முதலில் துருப்பிடிக்கும். தட்டை வாங்கும்போது விரலால் அந்தப் புள்ளிகளைத் தடவிப் பாருங்கள். கருகிக் கரடுமுரடாக இருப்பதைவிட, சுத்தம் செய்து மழுக்கியிருப்பது மேல்.

ஆபத்து வேறோர் இடத்தில் இருக்கிறது. ஹார்டுவேர் கடையில் ஜன்னலுக்கும் கோழிக் கூண்டுக்கும் விற்கிற நாக முலாம் பூசிய கம்பி வலையை அளவாக வெட்டி, தணலின்மேல் போட்டு மீன் சுடுகிற வழக்கம் சிலரிடம் இருக்கிறது. துத்தநாகம் 420 டிகிரி அளவில் உருகிவிடும். கரித் தணல் அந்த அளவை வெகு எளிதாகத் தாண்டும். முலாம் பூசிய இரும்பை வெல்டிங் செய்கிறவர்களுக்கு அதன் புகையால் காய்ச்சல் வருவதைத் தொழில் தெரிந்த எவரும் சொல்வார். அந்த வலை காந்தத்தில் ஒட்டும். குரோமிய முலாம் பூசிய சாதா இரும்புத் தட்டும் ஒட்டும். உயர்ந்த 430 தட்டும் ஒட்டும். விலக்க வேண்டிய இரண்டையும் விரும்ப வேண்டிய ஒன்றையும் காந்தம் ஒரே குரலில் அழைக்கிறது. நாக முலாமை அதன் மங்கலான சாம்பல் நிறத்தாலும், ஈரம் பட்ட இடத்தில் பூக்கும் வெண்மாவாலும் கண்ணே கண்டுபிடித்துவிடும். குரோமிய முலாமாக இருந்தால், கம்பியை வெட்டிய முனையில் உப்புத் தண்ணீர் ஒரு சொட்டு வைத்து மறுநாள் காலையில் பாருங்கள். உள்ளிருப்பது சாதா இரும்பு என்றால் அந்த முனை செம்பழுப்பாகியிருக்கும்.

காஞ்சிபுரத்துக்காரர்கள் இந்த விஷயத்தில் ஏமாறுவதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது, ஏனெனில் மினுமினுப்பை நம்பக் கூடாது என்பதை இந்த ஊர் அளவுக்கு அறிந்த ஊர் வேறில்லை. பட்டுப் புடவையின் ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு, உள்ளே இருப்பது பட்டு இழையா வேறா என்பதைக் கண்ணின் மதிப்பீட்டுக்கு விட்டுவிட்டு, பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருவரும் தறியில் உட்காரமாட்டார். உரைகல்லில் தேய்த்துப் பார்த்த காலம் போய், எக்ஸ் கதிர்க் கருவியில் வைத்து உலோகங்களின் விகிதத்தை எண்ணாகவே வாசிக்கிற காலம் வந்தாயிற்று. அரசுக்குச் சொந்தமான தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் இருப்பதும் இதே ஊரில்தான். அதே தத்துவத்தில் இயங்குகிற கைக்கருவி உருக்கின் ரகத்தையும் சில விநாடிகளில் சொல்லும். பழைய உலோகம் வாங்கும் பெரிய வியாபாரிகள் அதைக் கொண்டே விலை பேசுகிறார்கள். சிறிய வியாபாரிகள்கூட ஒரு சொட்டுப் பரிசோதனைத் திரவமும் ஒரு பேட்டரியும் வைத்திருந்து, சொட்டு சிவந்தால் மாங்கனீஸ் ரகம் என்று பிரித்துவிடுகிறார்கள். உடைந்த பாத்திரத்தை எடைக்கு வாங்குகிறவர் இவ்வளவு எச்சரிக்கையாக இருக்க, புதுப் பாத்திரத்தை எடைக்கு வாங்குகிற நாம் காந்தத்தோடு திருப்தியடைவது எப்படி நியாயம்?

துணை நம்பிக்கைக்கு வருகிறேன். அசல் எவர்சில்வரை எப்படித் தேய்த்தாலும் ஒன்றும் ஆகாது என்பவர்கள், அதன் குணம் அதன் உடம்பு முழுவதும் ஒரே விதமாக நிறைந்த ஏதோ ஒரு வரம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அதைக் காப்பது, குரோமியம் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடித் தன்மேல் தானே போர்த்திக்கொள்ளும் ஒரு மெல்லிய படலம். ஒரு மில்லிமீட்டரை லட்சம் கூறு போட்டால் அதில் ஒரு கூறுக்கும் குறைந்த கனம் உடையது. அந்தப் படலம் கிழிந்தால் காற்றுப் பட்டவுடனே மறுபடி கூடும். இதற்குப் பிரத்தியட்ச சாட்சி ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. கல்யாணச் சீராக வந்த சொம்பிலோ தாம்பாளத்திலோ, பெண்ணின் பெயரையும் தேதியையும் கடைக்காரர் மின்சார ஊசியால் பொறித்துத் தந்திருப்பாரே, அந்த எழுத்துகளைக் கூர்ந்து பாருங்கள். ஊசி மேற்பரப்பைக் குத்திக் கிழித்து எழுதிய எழுத்து அது. புள்ளி புள்ளியாகப் பள்ளம் தெரியும். ஆனால் முப்பது நாற்பது ஆண்டுகள் தண்ணீரில் புழங்கியும் பள்ளத்துக்குள்ளே துருவின் நிழல்கூடக் காணாது. முலாமாக இருந்தால் அந்தப் பெயர் முதல் மழைக்காலத்திலேயே பழுப்பு எழுத்தாக மாறியிருக்கும். கீறல் எவர்சில்வருக்குப் பகையன்று என்பதை இதிலிருந்து ஒப்புக்கொள்கிறேன். கீறிய இடத்தில் எதை விட்டுச் செல்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சாதா இரும்புக் கம்பி நாரையும் இரும்புக் கம்பிப் பிரஷையும் கொண்டு தேய்க்கும்போது, அந்த நாரின் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் எவர்சில்வரின் கீறல்களில் பதிந்துவிடுகின்றன. இரவு ஈரத்தோடு கவிழ்த்து வைத்த தட்டு காலையில் புள்ளி புள்ளியாகத் துருவேறி நிற்கும். துருப்பிடித்தது தட்டு அன்று, நாரின் துகள். ஆனால் அந்தத் துரு அங்கேயே கிடந்தால் அதன் அடியில் காற்றுப் புகாமல் படலம் கூடாமல் போய், தட்டும் அரிக்கத் தொடங்கும். வீட்டுக்காரர் இதைக் கண்டு, 'காந்தம் வைத்துப் பார்த்துத்தானே வாங்கினோம்' என்று கடைக்காரரைப் பழிக்கிறார். கம்பிப் பிரஷுக்கு வேறொரு கொடுமையும் உண்டு. பிரஷிலிருந்து உதிர்ந்த கம்பி கிரில் தட்டில் ஒட்டிக்கொண்டு, இறைச்சியோடு வாய்க்குள் போய், குடலைத் துளைத்து, அறுவைச் சிகிச்சை வரை கொண்டுபோன நிகழ்ச்சிகளை அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012-இல் வெளியிட்டு எச்சரித்தது. தணல் கடை நடத்துகிறவர்கள் இந்த ஒன்றுக்காகவாவது அந்தப் பிரஷைக் கைவிட வேண்டும்.

அடுத்த பகை உப்பிலிருக்கும் குளோரைடு. பித்தளையைப் புளியும் உப்பும் சேர்த்துத் தேய்த்து விளக்கியவர்கள் நாம். பித்தளைக்கு அது சரியான வைத்தியம். அதே பழக்கத்தை எவர்சில்வருக்குக் கொண்டுவந்து, புளியையும் உப்பையும் அப்பி இரவு முழுவதும் ஊற வைத்தால், மறுநாள் ஊசி முனை அளவில் குழிகள் விழுந்திருப்பதைக் காணலாம். அந்தக் குழிகள் எதனாலும் ஆறுவதில்லை. குளிர்ந்த தண்ணீரில் கல் உப்பைப் போட்டு அடுப்பேற்றினால் உப்பு அடியில் படிந்து கிடந்து இதே வேலையைச் செய்யும். தண்ணீர் கொதித்த பிறகு உப்புப் போடுவது நல்லது. பிளீச்சிங் பவுடர் கரைசலும் கழிப்பறைக்கு விற்கிற ஆசிடும் இதைவிடப் பன்மடங்கு கொடியவை. கரி பிடித்த கிரில் தட்டை ஆசிடில் முக்கி எடுத்தால் அந்த நிமிஷம் பளிச்சென்று ஆகும் என்பது உண்மை. அந்தப் பளிச்சிடுதல் தட்டின் தோலை உரித்து வாங்கியது.

இங்கே எதிர்க்கட்சியார் ஒரு கேள்வி கேட்பார்கள்: எங்கள் பாட்டி காலத்து எவர்சில்வர் இன்றும் பளபளவென்று இருக்கிறதே, அவள் இந்தச் சூத்திரங்களை எல்லாம் படித்தாளா என்று. கேள்வி நல்ல கேள்வி. அந்தப் பாட்டி வாங்கியது பெரும்பாலும் 18-க்கு 8 ரகம். அதோடு, அவள் தேய்த்தது தேங்காய் நாரும் சலித்த சாம்பலும் கொண்டு. சாம்பல் காரத் தன்மை உடையது, கொழுப்பைக் கரைக்கும். தேங்காய் நார் உலோகத்தைவிட மெதுவானது, இரும்புத் துகளை விட்டுச் செல்லாது. உப்பையும் ஊறுகாயையும் அவள் பீங்கான் ஜாடியிலும் கல்சட்டியிலும் வைத்தாளேயன்றி எவர்சில்வர் டப்பாவில் வைக்கவில்லை. பித்தளைப் பாத்திரத்துக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது தெருவில் கூவிவரும் ஈயம் பூசுகிறவரைக் கூப்பிட்டு, உள்ளே களிம்பு ஏறாமல் பூசி வாங்கி வைத்துப் பழகிய கைகள் அவை. உலோகம் என்பது கவனிப்பைக் கேட்கிற ஒரு பொருள் என்ற நினைவு அந்தத் தலைமுறைக்கு இருந்தது. எவர்சில்வர் வந்ததும் அந்த நினைவு தேவையில்லை என்று நாம் நினைத்துவிட்டோம். பாட்டியின் பாத்திரம் என் கட்சிக்குச் சாட்சி சொல்கிறதே தவிர, அவர்கள் கட்சிக்கு அன்று.

கம்பித் தட்டைச் சுத்தம் செய்வதில் கஷ்டம் ஒன்றும் இல்லை, நேரம் தெரிந்து செய்தால். சுட்டு முடிந்து, கை வைக்கத் தகுந்த வெதுவெதுப்பில் தட்டு இருக்கும்போதே, ஒரு மரக் கரண்டியின் விளிம்பாலோ தேங்காய் ஓட்டுத் துண்டாலோ கம்பியின் நீளவாக்கில் வழித்துவிட வேண்டும். ஆறிப்போன கொழுப்பு அரக்குப் போல் இறுகிவிடும். பிறகு அகலமான தாம்பாளத்தில் வெந்நீர் ஊற்றி, சமையல் சோடாவைத் தாராளமாகக் கரைத்து, தட்டை அதில் மூழ்க வைத்து, வீட்டு வேலை ஒன்றிரண்டைப் பார்த்துவிட்டு வந்தால் கரி இளகியிருக்கும். தேங்காய் நாரால் தேய்த்தால் போதும். நெருப்புப் பட்ட இடத்தில் நீலமும் பொன்னிறமுமாகப் படர்கிற சாயல் அழுக்கு அன்று, படலம் தடித்ததனால் வந்த நிறம். அது இருந்தால் குற்றமில்லை. கண்ணுக்குப் பிடிக்காவிட்டால் உப்புக் கலவாத புளிக் கரைசலைத் தடவிச் சற்று நேரத்தில் கழுவிவிடலாம். உப்புச் சத்துள்ள ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வருகிற தெருக்களில் வெண்படலம் படிவதற்கும் எலுமிச்சைச் சாறு போதும். எல்லாவற்றுக்கும் கடைசியில் துணியால் ஈரம் துடைத்து, காற்றுப் படும்படி நிறுத்தி வைக்க வேண்டும். பிராணவாயுவினால் கூடும் படலத்துக்கு ஈரத்தில் மூடிக் கிடப்பதே நோய். எண்ணெய் தடவுவதாக இருந்தால் கத்தரிக்காயின்மேலும் மீனின்மேலும் தடவுங்கள்; தட்டின்மேல் தடவிய எண்ணெய் காய்ந்து கரியாகி அடுத்த முறைக்கு வேலை வைக்கும்.

காந்தம் காசில்லாத சோதனை, ஏழையும் செய்யலாம், எக்ஸ் கதிர்க் கருவிக்கு எங்கே போவது என்பது எதிர்க்கட்சியாரின் கடைசி வாதம், அதுவே பலமான வாதமும். அதற்கு என் பதில், காசில்லாமல் கேட்கக்கூடிய ஒரு கேள்வி நமக்கு இருக்கிறது என்பதுதான்: 'இது எந்த ரகம்? பில்லில் எழுதித் தருவீர்களா?' வாயால் 304 என்று சொல்லத் தயங்காத கடைக்காரர், பில்லில் எழுதச் சொன்னால் உடனே எழுதுகிறாரா, யோசிக்கிறாரா என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடும். சமையல் பாத்திரங்களுக்கு ஐ.எஸ். 14756 என்ற இந்தியத் தர நிர்ணயம் உண்டு. துருப்பிடிக்காத உருக்குப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கி மத்திய அரசு 2024 மார்ச் மாதத்தில் ஆணை பிறப்பித்தது. முத்திரை எங்கே என்று தேடிப் பார்க்கவும் காசு வேண்டாம். கிலோவுக்கு இன்ன விலை என்று பேசுகிற கடையில், ஜே-4-க்கு ஒரு விலை, 304-க்கு ஒரு விலை என்று பிரித்துச் சொல்லும்படி கேட்பது வாங்குகிறவரின் உரிமை. குறைந்த விலைக்கு ஜே-4 போதும் என்று தெரிந்தே வாங்குகிறவரை நான் ஒருபோதும் குறை சொல்லமாட்டேன், தண்ணீர்க் குடத்துக்கும் அரிசி டின்னுக்கும் அது போதுமானதுதான். 304-க்கு உரிய விலையைக் கொடுத்து ஜே-4-ஐ எடுத்துச் செல்கிறவர் காஞ்சிபுரத்தில் இனி ஒருவரும் இருக்கக் கூடாது. ஜரிகைக்கு விகிதம் எழுதித் தருகிற ஊரில், பாத்திரக் கடைச் சங்கங்கள் மனம் வைத்தால், ஒவ்வொரு பில்லிலும் பொருளின் பெயருக்குப் பக்கத்தில் ரகத்தின் எண்ணை எழுத ஒரு தனிக் கட்டம் அச்சிடுவது நாளைக்கே ஆகக்கூடிய காரியம்.